வாய் இல்லாதவன் சொன்ன இரகசியம்

வைத்தியரிடமும் வக்கீலிடமும் உண்மையை மறைக்கக் கூடாது என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவுரை. நோயின் குறியை மறைப்பவன் உடல்நலத்தை இழப்பான். நடந்ததை மறைப்பவன் வழக்கை இழப்பான். ஆயினும், உண்மையைச் சொல்லத் துணிபவன் நெஞ்சில் ஓர் அச்சம் எழுவது இயல்பே. இன்று வழக்கறிஞரிடம் தனித்துச் சொன்னதை, நாளை அவ்வழக்கறிஞரையே சாட்சிக் கூண்டில் ஏற்றி நீதிமன்றம் கேட்டுவிட்டால் என் செய்வது? இந்த அச்சத்தைப் போக்கவே ஆங்கிலச் சட்டம் ஒரு காப்பினை வகுத்தது. சட்ட ஆலோசனை நாடிக் கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் நம்பிக்கையுடன் சொன்னதை, அக்கட்சிக்காரரின் இசைவின்றி வெளிப்படுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்த இயலாது என்பதே அக்காப்பு. சட்ட நூலார் இதனை வழக்கறிஞர் கட்சிக்காரர் சிறப்புரிமை என்பர்.

இவ்வுரிமை அஞ்சும் மனிதனுக்காகத் தோன்றியது. காலப்போக்கில் வணிக நிறுவனங்களும் இதனைக் கோரின. நிறுவனத்துக்கோ வாய் இல்லை, செவி இல்லை, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் அச்சமும் இல்லை. அதன் பொருட்டு வழக்கறிஞர் முன் அமர்ந்து பேசுபவர் சம்பளம் பெறும் ஊழியர் ஒருவரே. அவ்வாறாயின் அவர் சொல்லும் இரகசியம் யாருடையது? அவருடையதா, நிறுவனத்துடையதா? இவ்வினாவுக்கு விடை காண நீதிமன்றங்கள் நூறாண்டுக்கு மேல் முயன்ற வரலாறு சட்டம் பயிலாதாரும் அறியத்தக்கது. நிறுவனத்தில் பணிபுரியும் எவரும் ஒருநாள் அந்த நாற்காலியில் அமர நேரலாம்.

உரிமையின் பிறப்பு

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியார் ஆண்ட காலத்தில், 1560களில், முறைப்படி அழைக்கப்பட்ட சாட்சி நீதிமன்றத்துக்கு வராவிட்டால் தண்டம் செலுத்த வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சாட்சியம் கூறுவது கட்டாயமாயிற்று. எனவே, யார் யாருக்கு விலக்களிப்பது என்னும் வினாவும் பிறந்தது. 1577ஆம் ஆண்டில் பெர்ட் என்பவருக்கும் லவ்லேஸ் என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில், அவ்வழக்கிலேயே வழக்கறிஞராகப் பணியாற்றிய ஒருவரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டா என நீதிமன்றம் ஆணையிட்டது. இவ்வுரிமை பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளுள் அஃது ஒன்று.

அக்காலத்தில் இவ்விலக்கு வழக்கறிஞரின் மானத்தையும் அவர் ஏற்ற உறுதிமொழியையும் காப்பதாகவே கருதப்பட்டது. நம்பிச் சொன்னதைப் பண்புடையவன் வெளியிடமாட்டான் என்பது அதன் அடிப்படை. இந்த அடிப்படை 18ஆம் நூற்றாண்டில் ஆட்டம் கண்டது. 1776ஆம் ஆண்டில், கணவர் உயிரோடிருக்க மற்றொருவரை மணந்தார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் கிங்ஸ்டன் கோமகள் பிரபுக்கள் சபையின் முன் விசாரிக்கப்பட்டார். அவருக்கு மருத்துவம் பார்த்த அறுவை மருத்துவர் சீசர் ஹாக்கின்ஸ், நம்பிக்கையில் அறிந்ததைத் தாம் வெளியிடலாகுமோ என்று தயங்கினார். தாமாகச் சென்று வெளியிட்டால் அது மானக்கேடு. நீதிமன்றம் கேட்கும்போது சொல்லியே ஆக வேண்டும் என்று மேன்ஸ்ஃபீல்டு பிரபு விடையிறுத்தார். மானம் ஒன்றே போதிய காரணம் ஆகாது என்பது அன்று தெளிவாயிற்று.

அவ்வாறாயின் வழக்கறிஞருக்கு மட்டும் விலக்கு ஏன்? 1833ஆம் ஆண்டு கிரீனோ எதிர் காஸ்கெல் வழக்கில் பிரவும் பிரபு இதற்கு விடை தந்தார். வழக்கறிஞர் தொழிலின் பெருமைக்காக இவ்வுரிமை ஏற்படவில்லை; நீதி நடைபெற வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டது என்பது அவர் கருத்து. சட்டம் அறிந்தவர் துணையின்றி நீதி தேட முடியாது. சொன்னது வெளிப்படும் எனின் எவரும் அத்துணையை நாடத் துணியார். நாடினும் பாதி உண்மையையே சொல்வர். இவ்விளக்கத்தால் உரிமை வழக்கறிஞர் கையிலிருந்து கட்சிக்காரர் கைக்கு உறுதியாக மாறியது. இரகசியத்தைச் சொன்னவரே அதன் உடைமையாளர் என்னும் கொள்கை நிலைபெற்றது. பின்னாளில் எழுந்த சிக்கல்களுக்கெல்லாம் வித்து இக்கொள்கையில்தான் இருந்தது.

மலாயாவுக்கு வந்த விதி

இவ்விதி ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கும் பரவியது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் அதனை எழுத்து வடிவில் அமைத்தது. அச்சட்டத்தைப் பின்பற்றி 1893இல் நீரிணைக் குடியேற்றங்களுக்குச் சாட்சியச் சட்டம் இயற்றப்பட்டது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவும், சிங்கப்பூர்ச் சாட்சியச் சட்டத்தின் 128ஆம் பிரிவும் அந்த வழியில் வந்தவை. இந்தியாவில் 1872ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூலை வரை நடைமுறையில் இருந்து, பின்னர் புதிய சட்டத்துக்கு இடம் தந்தது.

ஸ்டீஃபன் தம் சட்டத்தில் எடுத்துக்காட்டுகள் தந்து விளக்கியமை மாணவர்க்கு மிகவும் பயன் தருவதாகும். ஒருவன் வழக்கறிஞரிடம் வந்து, தான் போலி ஆவணம் புனைந்துவிட்டதாகவும், தனக்காக வாதாட வேண்டும் என்றும் கேட்கிறான். குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வாதாடுவது குற்றச் செயலன்று. எனவே அவன் சொன்னது காக்கப்படும். மற்றொருவன் வந்து, போலிப் பத்திரம் ஒன்றைக் கொண்டு சொத்தைக் கைப்பற்ற வழக்குத் தொடுக்குமாறு கேட்கிறான். இவன் சொன்னது காக்கப்படாது. நடந்து முடிந்த தவற்றுக்குப் பரிகாரம் தேடுபவனுக்குச் சட்டம் கதவைத் திறக்கிறது. வரப்போகும் தவற்றுக்குக் கருவி தேடுபவனுக்கு அடைத்துவிடுகிறது. 1884ஆம் ஆண்டு காக்ஸ், ரெயில்ட்டன் என்னும் இருவர் மீது நடந்த குற்றவியல் வழக்கிலும் ஆங்கில நீதிமன்றம் இதே கருத்தை உறுதிப்படுத்தியது.

இவ்வெடுத்துக்காட்டுகளில் வருபவன் தனி மனிதன். அவன் தானே சொல்கிறான், தானே அஞ்சுகிறான், தானே இரகசியத்துக்கு உரியவனாகிறான். நிறுவனம் வழக்கறிஞரின் வாசற்படியை மிதித்தபோது இம்மூன்றும் மூன்று வேறு ஆட்களாகப் பிரிந்தன.

நிறுவனம் என்னும் ஆள்

இங்கிலாந்தில் 1844இல் கூட்டுப் பங்கு நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கும், 1855இல் பங்குதாரரின் பொறுப்பை வரையறுப்பதற்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. வங்கிகளும் இரயில் நிறுவனங்களும் பல ஊர்களில் கிளை பரப்பின. அவற்றின் ஊழியர்கள் ஒருவருக்கொருவர் கடிதங்களும் தந்திகளும் அனுப்பிய வண்ணம் இருந்தனர். அக்கடிதங்களும் வழக்கறிஞரிடம் சொன்ன சொல்லைப் போல் காக்கப்படுமா?

இவ்வினா 1876இல் ஆண்டர்சன் எதிர் பிரிட்டிஷ் கொலம்பியா வங்கி என்னும் வழக்கில் எழுந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரக் கிளையில் நடந்த பணமாற்றம் ஒன்றைப் பற்றிப் பூசல் மூண்டது. இலண்டன் அலுவலகம் முழு விவரங்களையும் எழுதுமாறு கிளை மேலாளருக்குத் தந்தி அடித்தது. அவரும் எழுதினார். வழக்கு வந்தபோது அக்கடிதத்தைக் காட்ட இயலாது என வங்கி வாதிட்டது. நீதிபதி சர் ஜார்ஜ் ஜெஸ்ஸல் அதனை ஏற்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. மேலாளர் எழுதியது தம் முதலாளிக்கே அன்றி வழக்கறிஞருக்கன்று. முதலாளிக்குப் பணியாள் அனுப்பும் செய்தி சிறப்புரிமை பெறாது என்று தீர்ப்பாயிற்று. நிறுவனம் தனக்குள் பேசிக்கொள்வது வேறு, வழக்கறிஞரிடம் பேசுவது வேறு என்னும் எல்லைக்கோடு அன்று வரையப்பட்டது.

1897இல் சாலமன் வழக்கு வந்தது. இலண்டனில் தோல் காலணி செய்து விற்ற ஆரன் சாலமன் தம் தொழிலை ஒரு நிறுவனமாக மாற்றினார். உறுப்பினர் எழுவர்: அவர், அவர் மனைவி, ஐந்து பிள்ளைகள். மொத்தம் 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை; எஞ்சிய அறுவருக்கு ஆளுக்கு ஒரு பங்கே. நிறுவனம் நொடித்தபோது, நிறுவனமும் சாலமனும் ஒன்றே எனக் கூறி அவரைப் பொறுப்பாக்க முயன்றனர். பிரபுக்கள் சபை மறுத்தது. முறைப்படி பதிவான நிறுவனம் தன்னை அமைத்தவரினும் வேறான தனி ஆள் என்று அது தீர்ப்பளித்தது. ஆளாக ஏற்கப்பட்டதற்கு ஆளின் உரிமைகள் எவை எவை என்பது அடுத்த நூற்றாண்டின் வினாவாயிற்று.

அமெரிக்காவில் எழுந்த ஐயம்

அமெரிக்காவில் ஓர் உரிமை நிறுவனத்துக்கு வெளிப்படையாகவே மறுக்கப்பட்டது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாமை என்னும் அரசியலமைப்புக் காப்பு நிறுவனங்களுக்கு இல்லை என 1906இல் ஹேல் எதிர் ஹென்கல் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் வழக்கறிஞரிடம் பேசுவதன் இரகசியத்தை நிறுவனங்களும் பெற்றே வந்தன. அதனை எவரும் ஆழ்ந்து ஆராயவில்லை.

1962ஆம் ஆண்டில் அந்த அமைதி குலைந்தது. எரிவாயு அடுப்புக் கருவி செய்த ரேடியன்ட் பர்னர்ஸ் என்னும் நிறுவனம், அமெரிக்க எரிவாயுச் சங்கத்தின் மீது தொடுத்த வழக்கில், சிக்காகோ மாவட்ட நீதிமன்றத் தலைமை நீதிபதி வில்லியம் கேம்பெல் எதிர்பாராத தீர்ப்பு ஒன்றை அளித்தார். இவ்வுரிமை மனிதருக்கே உரியது. பங்குதாரரும் இயக்குநரும் ஊழியரும் பலராகச் சேர்ந்த ஓர் அமைப்பில் இரகசியம் என்பது எங்கே இருக்கிறது. ஆகவே நிறுவனம் இதனைக் கோர முடியாது என்பது அவர் வாதம். வழக்கறிஞர் உலகம் திகைத்தது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, நிறுவனத்துக்கும் உரிமை உண்டு என்றது. கேம்பெல் நீதிபதியின் முடிவு நிலைக்கவில்லை எனினும் அவர் எழுப்பிய வினா நிலைத்துவிட்டது. நிறுவனத்தின் சார்பில் யார் பேசினால் அது நிறுவனம் பேசியதாகும்?

அதே 1962இல் ஃபிலடெல்ஃபியா நகரம் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் ஒரு விடை கிடைத்தது. வழக்கறிஞரின் ஆலோசனையைக் கேட்டு முடிவெடுக்கும் அதிகாரம் உடையவர், அல்லது அம்முடிவில் பெரும்பங்கு கொள்பவர் பேசினால் மட்டுமே அது நிறுவனத்தின் பேச்சு. பிறர் பேசுவது சாட்சியின் பேச்சு. இதனைக் கட்டுப்பாட்டுக் குழு அளவுகோல் என்றனர். 1970இல் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மேலதிகாரியின் ஆணைப்படி தம் பணி தொடர்பான செய்தியை வழக்கறிஞரிடம் சொல்லும் சாதாரண ஊழியரின் பேச்சும் காக்கப்படும் என்றது. அவ்வழக்கு 1971இல் உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தமையால் நாடு முழுமைக்கும் ஒரே விதி அமையவில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே கடிதம் ஒரு மாநிலத்தில் இரகசியமாகவும் மற்றொரு மாநிலத்தில் வெளிப்படையாகவும் இருக்கக்கூடிய நிலை நீடித்தது.

அப்ஜான் வழக்கு

இந்நிலையை மாற்றியது ஒரு மருந்து நிறுவனத்தின் வழக்கு. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் தலைமையகம் கொண்ட அப்ஜான் நிறுவனம் பல நாடுகளில் மருந்து விற்று வந்தது. 1976 ஜனவரியில், அதன் வெளிநாட்டுத் துணை நிறுவனம் ஒன்றில் கணக்காய்வு செய்தவர்கள், அரசாங்க வணிகத்தைப் பெறுவதற்காக அந்நாட்டு அரசு அதிகாரிகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். அக்காலத்தில் அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாடுகளில் கையூட்டுக் கொடுத்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்துகொண்டிருந்தன. நானூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஐயத்துக்குரிய கொடுப்பனவுகளை ஒப்புக்கொண்டன. வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கையூட்டுத் தருவதைத் தடுக்கும் சட்டம் 1977இல் இயற்றப்பட்டதற்கு இவையே காரணம்.

அப்ஜான் நிறுவனத்தின் தலைமை வழக்கறிஞர் ஜெரார்டு தாமஸ் செய்தியை அறிந்ததும் வெளி வழக்கறிஞர்களையும் நிறுவனத் தலைவரையும் கலந்தார். வெளிநாட்டு மேலாளர் அனைவருக்கும் தலைவரின் கையொப்பத்துடன் ஒரு வினாத்தாள் அனுப்பப்பட்டது. விசாரணையை மிகுந்த இரகசியமாகக் கருத வேண்டும், விடைகளை நேராகத் தாமஸுக்கே அனுப்ப வேண்டும் என்று அதில் அறிவுறுத்தப்பட்டது. வழக்கறிஞர்கள் நேரிலும் பலரைச் சந்தித்துக் குறிப்பெடுத்தனர். விசாரிக்கப்பட்டோர் மொத்தம் 86 பேர். அவர்களுள் 7 பேர் விசாரணையின்போது நிறுவனத்தைவிட்டு விலகியிருந்தனர்.

1976 மார்ச்சில் நிறுவனம் தானாகவே பங்குச் சந்தை ஆணையத்துக்கு முதற்கட்ட அறிக்கை அளித்தது. வரித்துறைக்கும் ஒரு படி அனுப்பியது. அவ்வாண்டு நவம்பரில் வரித்துறை, வினாத்தாளுக்கு வந்த விடைகளையும் வழக்கறிஞர்களின் குறிப்புகளையும் ஒப்படைக்குமாறு ஆணை அனுப்பியது. நிறுவனம் மறுத்தது. கீழ்நிலை மேலாளர்கள் கட்டுப்பாட்டுக் குழுவைச் சேர்ந்தவரல்லர். அவர்கள் சொன்னது நிறுவனத்தின் பேச்சன்று என்னும் அளவுகோலை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1979இல் ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

1981 ஜனவரி 13ஆம் நாள் நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பு வெளியாயிற்று. அவருடைய வாதம் எளிமையானது. சட்டச் சிக்கலில் நிறுவனத்தை மாட்டிவிடக்கூடியவர் மேல்மாடியில் இருப்பவர் மட்டுமல்லர். நடுநிலையிலும் கீழ்நிலையிலும் பணிபுரிவோரும் அதனைச் செய்யக்கூடும். நடந்தது என்ன என்பது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும். தெரிந்தவரிடம் கேளாமல் வழக்கறிஞர் எவ்வாறு ஆலோசனை கூறுவார்? மேலும், எது காக்கப்படும் எது காக்கப்படாது என முன்கூட்டியே தெரியாவிட்டால் அக்காப்பினால் பயனில்லை. எனவே கட்டுப்பாட்டுக் குழு அளவுகோலை நீதிமன்றம் தள்ளியது.

அதே தீர்ப்பு மற்றொன்றையும் வலியுறுத்தியது. காக்கப்படுவது பேச்சு மட்டுமே, நிகழ்ச்சி காக்கப்படாது. வழக்கறிஞரிடம் என்ன சொன்னீர் என்று ஊழியரைக் கேட்கக் கூடாது. அன்று என்ன நடந்தது என்று தாராளமாகக் கேட்கலாம். உண்மையில், நிறுவனம் தந்த பட்டியலைக் கொண்டு வரித்துறை அதற்குள் ஏறத்தாழ 25 பேரை விசாரித்தும் இருந்தது. வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டதனால் ஓர் உண்மை மறைபொருள் ஆகிவிடாது என்னும் இந்த வேறுபாட்டை உணராதார் இவ்வுரிமையை உணராதாரே.

இரகசியத்தின் உடைமையாளர்

தீர்ப்பு நிறுவனங்களுக்கு வெற்றியாயிற்று. ஊழியருக்கு? 86 பேரும் வழக்கறிஞரிடம் பேசினர். அவர்கள் சொன்னது காக்கப்பட்டது. ஆயினும் அக்காப்பு அவர்களுடையதன்று, நிறுவனத்துடையது. உடைமையாளன் விரும்பினால் தன் பெட்டியைத் தானே திறக்கலாம். அப்பெட்டிக்குள் இருப்பது ஊழியரின் வாக்குமூலம். திறவுகோலோ நிறுவனத்தின் கையில்.

1985இல் வைன்டிராப் என்னும் வழக்கில் இது மேலும் தெளிவாயிற்று. நொடித்துப்போன நிறுவனத்தின் பொறுப்பை ஏற்கும் சொத்தாட்சியருக்கு, நொடிப்புக்கு முன்னர் நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் பேசப்பட்டவற்றின் இரகசியத்தைக் கைவிடும் அதிகாரமும் உண்டு என அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. நேற்று இயக்குநராக இருந்து பேசியவர், இன்று பதவி இழந்ததும் தம் சொல்லின் மீதே உரிமை இழக்கிறார். நாற்காலி மாறும்போது திறவுகோலும் மாறுகிறது.

அரசாங்கமும் அத்திறவுகோலின் மதிப்பை உணர்ந்தது. அமெரிக்க நீதித்துறை 1999இலும் 2003இலும் வெளியிட்ட நெறிமுறைகள், விசாரணைக்கு ஒத்துழைக்கும் நிறுவனத்தை மதிப்பிடுகையில் அது தன் சிறப்புரிமையைக் கைவிட்டதா என்பதையும் கருதலாம் என்றன. தன்னைக் காத்துக்கொள்ள நிறுவனம் ஊழியரின் வாக்குமூலத்தைக் காணிக்கையாக வைக்கும் வழி திறந்தது. எதிர்ப்பு வலுத்தமையால் 2006இல் அந்நெறிமுறை கட்டுப்படுத்தப்பட்டது. 2008இல், உண்மைகளை வெளியிடுவதே ஒத்துழைப்பின் அளவு, சிறப்புரிமையைக் கைவிடுவது அன்று என்று மாற்றப்பட்டது.

இவற்றின் விளைவாக வழக்கறிஞரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியது. ஊழியரை விசாரிக்கும் முன்னர் வழக்கறிஞர் சில சொற்களைச் சொல்ல வேண்டும்: நான் நிறுவனத்தின் வழக்கறிஞர், உங்கள் வழக்கறிஞர் அல்லேன், நம் பேச்சு இரகசியமானது, ஆனால் அந்த இரகசியம் நிறுவனத்துக்கே உரியது, நிறுவனம் விரும்பினால் உங்களைக் கேளாமலே அதனை வெளியிடலாம். இதற்கு அப்ஜான் எச்சரிக்கை என்றே பெயர் வழங்கலாயிற்று.

அச்சொற்கள் தெளிவாகச் சொல்லப்படாவிட்டால் நேரும் இடரைப் பிராட்காம் என்னும் மின்னணு நிறுவனத்தின் வழக்கு காட்டும். 2006இல் அதன் தலைமை நிதி அதிகாரி, பங்குரிமை வழங்கிய நாள்களைப் பற்றி நிறுவனத்தின் வழக்கறிஞர்களிடம் பேசினார். அவ்வழக்கறிஞர்களே வேறு வழக்குகளில் அவருக்காகவும் வாதாடி வந்தனர். அவர் சொன்னவை பின்னர் கணக்காய்வாளருக்கும் அரசாங்கத்துக்கும் அளிக்கப்பட்டன. எச்சரிக்கை தந்ததாக வழக்கறிஞர்கள் கூறினர். அவ்வாறு கேட்டதாகத் தமக்கு நினைவில்லை என்றார் அதிகாரி. மாவட்ட நீதிபதி அதிகாரியின் பக்கம் நின்றார். ஆனால் 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவை கணக்காய்வாளருக்குத் தெரிவிப்பதற்காகவே சொல்லப்பட்டவை. ஆகவே இரகசியம் அல்ல என்றது. அவ்வாண்டு டிசம்பரில், அரசு வழக்கறிஞர்களின் நடத்தையைக் கண்டித்து நீதிபதி குற்றச்சாட்டுகளையே தள்ளுபடி செய்தார். அதிகாரி விடுபட்டார், ஆயினும் அவர் சொல்லுக்குக் காப்பு கிடைக்கவில்லை.

பிற நாடுகளின் நோக்கு

அப்ஜான் தீர்ப்பை எல்லா நாடுகளும் பின்பற்றவில்லை. இங்கிலாந்தில் 1991இல் பி.சி.சி.ஐ. வங்கி வீழ்ந்ததைத் தொடர்ந்து, பணத்தை இழந்தவர்கள் இங்கிலாந்து மைய வங்கியின் மீது வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கில் 2003ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மிகக் குறுகிய வட்டம் ஒன்றை வரைந்தது. வழக்கறிஞர்களுடன் தொடர்பு கொள்ள மைய வங்கி அமைத்த மூவர் குழுவே கட்சிக்காரர். அவ்வங்கியின் மற்ற ஊழியர்கள் வெளியாரைப் போன்றவரே என்றது அது. 2018இல் மற்றொரு வழக்கை விசாரித்த அதே நிலை நீதிமன்றம், இக்கருத்தினின்று விலக விரும்பினும் அதனை மாற்றும் அதிகாரம் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே உண்டு எனக் கூறி நிறுத்திக்கொண்டது.

ஐரோப்பிய நீதிமன்றம் வேறொரு பக்கத்திலிருந்து நோக்கியது. யார் பேசினார் என்பதைவிட, கேட்ட வழக்கறிஞர் யார் என்பதே அதன் வினா. போட்டிச் சட்ட விசாரணைகளில் சுதந்திரமான வெளி வழக்கறிஞருடன் நடந்த பேச்சுக்கே காப்பு உண்டு என 1982இல் அது தீர்ப்பளித்தது. 2010இல் அக்ஸோ நோபல் நிறுவனத்தின் வழக்கிலும் அதனையே உறுதி செய்தது. நிறுவனத்திடமே சம்பளம் வாங்கும் வழக்கறிஞர், எத்துணை நேர்மையாளர் ஆயினும், தம் முதலாளியினின்று முற்றும் விடுபட்டவராக இருத்தல் இயலாது என்பது அதன் கருத்து. சிங்கப்பூரோ எதிர்த் திசையில் சென்றது. 2012இல் சாட்சியச் சட்டத்தைத் திருத்தி, நிறுவனத்தின் ஊழியராகவே இருந்து சட்ட ஆலோசனை தருபவரிடம் பேசுவதற்கும் காப்பளித்தது. 1893ஆம் ஆண்டின் விதி மனிதனிடமிருந்து நெடுந்தொலைவு வந்துவிட்டது.

கேடயமும் திரையும்

காப்பு உண்டு என்று அறிந்ததும் சிலர் அதனைத் திரையாகப் பயன்படுத்துவது உலக இயல்பு. அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் ஆராய்ச்சிப் பணிகளிலும் வழக்கறிஞர்களை ஈடுபடுத்தி, அவை தொடர்பான தாள்களுக்கும் சிறப்புரிமை கோரின. 1998இல் மின்னசோட்டா மாநிலம் தொடுத்த வழக்கில், குற்றத்துக்கோ மோசடிக்கோ துணைபோன பேச்சு காக்கப்படாது என்னும் பழைய விதியின் கீழ் ஏறத்தாழ 39,000 ஆவணங்கள் வெளிக்கொணரப்பட்டன. 2006இல் வாஷிங்டன் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், புகைத்தலின் தீமையைப் பொதுமக்களுக்கு மறைத்த செயலில் வழக்கறிஞர்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்று தம் நெடிய தீர்ப்பில் கண்டித்தார். போலிப் பத்திரத்தோடு வழக்கறிஞரை நாடிய மனிதனைப் பற்றி ஸ்டீஃபன் எழுதிய எடுத்துக்காட்டு, நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின் பேருருக் கொண்டு வந்தது எனலாம்.

ஆகவே நிறுவனத்துக்கு இவ்வுரிமை வேண்டா என்று கூறுதல் பொருந்துமா? பொருந்தாது. வழக்கறிஞரைக் கலந்து தவற்றைத் திருத்த முனையும் நிறுவனத்துக்கு அஞ்சாமல் கேட்கும் வாய்ப்பு வேண்டும். அப்ஜான் நிறுவனம் விசாரித்தது, தானே அரசாங்கத்துக்கு அறிவித்தது, நடந்ததை மறைக்கவில்லை. அத்தகைய விசாரணை பொதுமக்களுக்கும் நன்மையே. ஆயின், பிரவும் பிரபு 1833இல் காட்டிய காரணம் சொல்பவரின் அச்சத்தைப் போக்குதல். நிறுவனத்தின் வழக்கில் அச்சம் ஊழியரிடம் இருக்கிறது; காப்பு நிறுவனத்திடம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை அப்ஜான் எச்சரிக்கை என்னும் சில சொற்களே இன்று பாலமாக நின்று இணைக்கின்றன.

வழக்கறிஞரிடம் உண்மையை மறைக்காதே என்ற முன்னோர் அறிவுரை இன்றும் பொய்த்துவிடவில்லை. ஆனால் அவ்வறிவுரை, தன் வழக்கறிஞரிடம் பேசுபவனுக்காகக் கூறப்பட்டது. நிறுவனத்தின் நாற்காலியில் அமர்ந்து, நிறுவனத்தின் வழக்கறிஞர் முன் பேசும் ஊழியர், வாய் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்பது தகும்: "ஐயா, நீங்கள் யாருடைய வழக்கறிஞர்?" அக்கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும் இடத்தில்தான் நிறுவனத்தின் இரகசியமும் நியாயமான இரகசியமாக நிற்கும்.